நிஜானா ஸார்?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட், அப்புறம் ட்ரான்ஸ்பர் பயம், அப்புறம் கல்விக்கடன் சீசன் என்று ஒரு பேங்க்காரனுக்கு வருஷம் ஓடுவதே தெரியாது. நடுவில் வந்து போன நண்பர்கள் மன்னிக்கவும். இன்றைக்கு எழுதப்போவது கொஞ்சம் நீளம். மைசூரு பற்றியும் எழுதவேண்டும், சிதம்பரம் பற்றியும் எழுதவேண்டும், நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் எழுதவேண்டும். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நடந்தது 2025 ஜூன் மாதம். மதியம் மூன்றரை இருக்கும். கவுன்ட்டரில் கூட்டம் குறைந்து, நான் டேபிளில் இருந்த கடன் ஃபைல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்நெற்றி ஏறியிருந்தது, மீசையில் நரை. பக்கத்தில் பதினெட்டு வயசில் ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் கவர்.

"ஸார், நான் மஞ்சு."

அப்புறம்தான் தெரிந்தது. (மஞ்சு என்பது நான் வைத்த பெயர். நிஜப் பெயர் வேண்டாம்.) அந்தப் பெண் அவருடைய அக்கா மகள். கல்விக்கடன் விண்ணப்பம் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்து ஃபாரத்தை எடுத்தேன். மஞ்சு கையமர்த்தினார். கவரிலிருந்து வழவழவென்று ஒரு காலேஜ் பிராஸ்பெக்டஸை எடுத்து என் முன்னால் வைத்தார். அட்டையில் கண்ணாடிக் கட்டடம், கறுப்பு அங்கியில் சிரிக்கிற பிள்ளைகள்.

"லோன் அப்புறம் ஸார். முதல்ல இதைப் பார்த்துச் சொல்லுங்க. இது நிஜானா ஸார்?"

'நிஜானா' என்றால் கன்னடத்தில் 'நிஜமா'. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் பதினொரு வருஷக் கதை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். (கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளவும்.)

*

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரம். அப்பா ரயிலடிக்கு அந்தப் பக்கம், அண்ணாமலை நகர் போகிற வழியில் மெஸ் நடத்தினார். காலை இட்லி, மதியம் அளவுச்சாப்பாடு, ராத்திரி தோசை. சாப்பிட வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் யூனிவர்சிட்டிப் பிள்ளைகள். 1920-ல் மீனாட்சி கல்லூரியாக ஆரம்பித்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக ஆனது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அந்த இடத்தை நம்பித்தான் கோயிலுக்குக் கிழக்கே ஒரு ஊரே உருவானது. சைக்கிள் கடை, டைப்ரைட்டிங், ஜெராக்ஸ், பைண்டிங், பழைய புத்தகம், மெஸ்.

அப்பா படித்தது ஏழாம் வகுப்பு. ஆனால் ஊரின் பொருளாதாரத்தை அவர் அளவுக்கு யாரும் படித்து நான் பார்த்ததில்லை. எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. பரீட்சை தள்ளிப்போனால் அவருக்கு முதலில் தெரியும். ஸ்டிரைக் வந்தால் போலீஸுக்கு முன்னால் தெரியும். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ராஜேந்திரன் என்ற மாணவர் அங்கேதான் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பாவுக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. அந்தச் சிலையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு விநாடி நிற்பார். "படிக்கிற ஊருன்னா அரசியல் இருக்கும் தம்பி. படிப்பும் அரசியலும் ஒரே அடுப்புல வேகறது" என்பார்.

அவரிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. நீளவாக்கில், சிவப்பு அட்டை. யார் யார் எத்தனை சாப்பாடு பாக்கி என்று. ஊரிலிருந்து மணியார்டர் வராத பையனிடம் காசு கேட்கமாட்டார். "டிகிரி முடிச்சுட்டுக் குடுப்பான்" என்பார். அனேகமாகக் கொடுத்துவிட்டார்கள். வேலை கிடைத்து இரண்டு வருஷம் கழித்து மணியார்டர் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பி.காம். படித்து பேங்க்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அப்பா செய்தது அடமானமில்லாத கல்விக்கடன் என்று. ஜாமீன் என்ன? அந்தப் பையன் வாங்கப்போகிற டிகிரி. அந்த டிகிரிக்கு மதிப்பு இருக்கும் என்ற நம்பிக்கை.

*

2014-ல் மைசூருக்கு முதல் போஸ்டிங். மொழி தெரியாது, ஆள் தெரியாது. வாடகை வீடு பிடித்தோம். வீட்டு ஓனர் அஜ்ஜி முதல் நாளே ஒரு கிண்ணம் பிசிபேளா பாத் கொடுத்து, என் தங்கமணியிடம், "உங்க சாம்பார்ல வெல்லம் போடமாட்டீங்களாமே, பாவம்" என்று துக்கம் விசாரித்தார் :-) 2017-ல் ட்ரான்ஸ்பரில் போய், 2022-ல் மறுபடி இங்கேயே வந்துசேர்ந்தேன். ஊருக்குப் போக மயிலாடுதுறைப் பக்கம் போகிற ராத்திரி ரயில் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு இந்த ஊர் பழகின ஊர் மாதிரி ஆகிவிட்டது. காரணம், இதுவும் பிள்ளைகளை நம்பி இருக்கிற ஊர். சரஸ்வதிபுரம், குவெம்பு நகர், போகாதி ரோடு, எங்கே பார்த்தாலும் 'பி.ஜி. ஃபார் பாய்ஸ்', 'பி.ஜி. ஃபார் கேர்ள்ஸ்' போர்டு. ஜெராக்ஸ் கடையில் அதே கூட்டம். மெஸ்ஸில் அதே எவர்சில்வர் தட்டு.

ஆனால் வரலாறு வேறு. பேங்க்காரன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். சர் எம். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது 1913-ல் மைசூர் பேங்க் வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1916 ஜூலை 27 அன்று மைசூர் பல்கலைக்கழகம். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா. பிரிட்டிஷ் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்தில் வந்த முதல் பல்கலைக்கழகம் அது. அதுவரை இங்கே மகாராஜா காலேஜில் படித்தவர்களுக்கு டிகிரி கொடுத்தது யார் தெரியுமா? நம் சென்னைப் பல்கலைக்கழகம். பரீட்சைத்தாள் அங்கே, முத்திரை அங்கே. "எங்க பிள்ளைகளுக்கு நாங்களே பட்டம் கொடுக்கிறோம்" என்று ஒரு சமஸ்தானம் சொன்னது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. சொந்தமாக நோட்டு அச்சடிப்பது மாதிரி.

நம்மவர்களும் இதில் இருந்திருக்கிறார்கள். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1918-லிருந்து 1921 வரை இங்கே தத்துவப் பேராசிரியர். கல்கத்தாவுக்குப் போகும்போது, பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்காரவைத்து மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துப்போனார்கள் என்பதை இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆர்.கே. நாராயண் படித்ததும் மகாராஜா காலேஜில்தான்.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ரிசர்வ் பேங்க்கின் துணை நிறுவனம் நடத்தும் ரூபாய் நோட்டு அச்சகம் இந்த ஊரில் இருக்கிறது. ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற அழியாத மை, 1962 தேர்தலிலிருந்து மைசூர் பெயின்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தில் தயாராகிறது. ஆக, காசுக்கான காகிதம், ஓட்டுக்கான மை, படிப்புக்கான பட்டம். மூன்றும் ஒரே ஊர்ச் சரக்கு. மூன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் காகிதமும் சாயமும்தான். 'இது நிஜம்' என்று எல்லோரும் ஒத்துக்கொள்வதால்தான் அதற்கு மதிப்பு.

*

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். காலேஜ் ஊரில் ஒரு பிள்ளை வந்து இறங்கினால் என்ன ஆகும்? பி.ஜி. அட்வான்ஸ் ஒருவருக்கு, சாப்பாட்டுக் காசு ஒருவருக்கு, ஆட்டோ, மொபைல் ரீசார்ஜ், ஜெராக்ஸ், துணி தேய்க்கிறவர், சனிக்கிழமை சினிமா. அப்பா அம்மா மாதாமாதம் வெளியூரிலிருந்து அனுப்புகிற பணம் அது. ஃபாக்டரி ஒன்று பொருளை வெளியூருக்கு விற்றுக் காசு கொண்டுவருகிறது. காலேஜ் ஊர், ஆட்களை வரவழைத்துக் காசு கொண்டுவருகிறது. இரண்டும் ஒன்றுதான்.

மைசூருக்கு ஃபாக்டரியும் இருந்தது. ஜாவா மோட்டார்சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வைத்திருந்தார். ஐடியல் ஜாவா கம்பெனி இந்த ஊர் யாதவகிரியில்தான் இருந்தது, 1996-ல் மூடினார்கள். அதற்கப்புறம் ஊரைத் தூக்கி நிறுத்தியதில் இன்ஃபோசிஸ் பயிற்சி மையத்துக்குப் பெரிய பங்கு. 2005-ல் ஆரம்பித்தது. காலேஜ் முடித்த பிள்ளைகளை நாடு முழுவதிலுமிருந்து கொண்டுவந்து பயிற்சி கொடுக்கிற இடம். அதாவது காலேஜுக்கு அப்புறம் இன்னொரு காலேஜ். 2023 மார்ச்சில் பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே திறந்ததும் மனை விலை பற்றிப் பேசாத ஆளே கிடையாது.

இதில் இருக்கிற ஆபத்தையும் சொல்லவேண்டும். 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் மூன்று தடவையும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அந்த மையத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் அது ஒரு செய்தி. எனக்கு அந்தப் பிள்ளைகளின் ஊரில் இருக்கிற ஏதோ ஒரு பேங்க் மேனேஜர் ஞாபகம்தான் வந்தது. கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவேண்டாம், அப்புறம் பதினைந்து வருஷம் வரை கட்டலாம். அந்த ஒரு வருஷத்துக்குள் வேலை போனால், வட்டி மட்டும் போகாது.

அரசியல் இல்லாமல் காலேஜ் ஊர் உண்டா? அப்பா சொன்ன அதே அடுப்பு. ஊருக்கு வெளியே வளர்கிற மைசூரு பெரும்பாலும் சாமுண்டீஸ்வரி தொகுதியில் வருகிறது. 2006 இடைத்தேர்தலில் சித்தராமையா அங்கே ஜெயித்தது வெறும் 257 ஓட்டில். 2018-ல் அவர் முதலமைச்சராக இருந்துகொண்டே அதே தொகுதியில் 36,000 ஓட்டுக்கு மேல் தோற்றார். தோற்கடித்தவர் ஜி.டி. தேவேகவுடா. புது அரசில் அவருக்குக் கிடைத்த இலாகா உயர்கல்வி. அவர் படித்தது எட்டாம் வகுப்பு! ஊரே சிரித்தது. என் ஆபீஸிலும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காமராஜர் எத்தனை வகுப்பு படித்தார் என்று நமக்குத் தெரியும், எங்க அப்பா எத்தனை என்பது எனக்குத் தெரியும். மந்திரி எவ்வளவு படித்தார் என்பதைவிட, அவர் காலத்தில் எந்தக் காலேஜுக்கு எதைப் பார்த்து அனுமதி கிடைக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி என்று தோன்றியது.

இந்த ஊரில் கல்வி என்பது மடம், சாதி, நிலம் மூன்றோடும் பின்னிக்கிடக்கிறது. சுத்தூர் மடம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தங்கவைத்த ஹாஸ்டலிலிருந்துதான் ஜே.எஸ்.எஸ். கல்வி நிறுவனங்கள் வளர்ந்தன. இன்று மருத்துவம், பொறியியல் என்று தனிப் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு உண்டு. நல்லது நிறைய நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே, ஒவ்வொரு சமூகமும் தனக்கு ஒரு ஹாஸ்டல், தனக்கு ஒரு காலேஜ் என்று கட்டியபோது, காலேஜ் கட்டடம் ஓட்டுப் பெட்டிக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. நிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024-ல் கர்நாடக அரசியலையே ஆட்டிவைத்தது மைசூரு நகர வளர்ச்சி ஆணையத்தின் வீட்டுமனை விவகாரம்தான்.

அப்புறம் ஆளுக்கொரு யூனிவர்சிட்டி ஆசை. 2023-ல் கர்நாடகத்தில் ஒரே வீச்சில் ஏழு புதுப் பல்கலைக்கழகங்கள் ஆரம்பித்தார்கள். சாமராஜநகர், ஹாசன் எல்லாம் மைசூர் பல்கலையிலிருந்து பிரிந்தன. கேட்க நல்லாத்தான் இருக்கிறது, பக்கத்திலேயே யூனிவர்சிட்டி. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வரும்படி எங்கிருந்து? இணைப்புக் கல்லூரிகள் கட்டுகிற கட்டணம், பரீட்சைக் கட்டணம். கல்லூரிகள் பிரிந்துபோனால் அந்த வரவு போய்விடும். பழைய பேராசிரியர்களின் பென்ஷன் மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கும். குடும்பம் பிரியும்போது பாத்திரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு கடனைப் பெரியவர் தலையில் கட்டுவது மாதிரி. 2025 பிப்ரவரியில், இந்தப் புதியவற்றில் பலவற்றை மூடிவிடலாமா என்று அமைச்சரவைத் துணைக்குழுவே யோசிக்கிற நிலை வந்தது. நம் பக்கம் மட்டும் என்னவாம்? விழுப்புரத்தில் ஒரு ஆட்சி ஆரம்பித்த ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை 2021-ல் அடுத்த ஆட்சி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவருக்குத்தான் இதில் உறுதியான லாபம்.

*

சரி, இப்போது தொலைதூரக் கல்வி. என் இரண்டு ஊருக்கும் பொதுவான வியாதி இதுதான்.

அண்ணாமலைப் பல்கலையில் 1979-லிருந்து தொலைதூரக் கல்வி. ஆரம்பத்தில் அது புண்ணிய காரியம். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள், கண்டக்டர்கள், போலீஸ்காரர்கள் எத்தனையோ பேர் அதில் பட்டம் வாங்கினார்கள். சம்பள உயர்வு வாங்கினார்கள். பிறகு ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக மையங்கள். மைசூரில், பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்விப் பிரிவு 1996-ல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக ஆனது. அங்கேயும் அதே கதை. மாநிலத்துக்கு வெளியே, தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, மையங்கள்.

காமர்ஸ் படித்தவனாக இதைப் பார்க்கிறேன். ஒரு மாணவனை நேரில் வைத்துப் படிக்கவைக்க வகுப்பறை வேண்டும், ஆய்வகம் வேண்டும், வாத்தியார் வேண்டும். தூரத்து மையத்தில் சேர்ந்தவனுக்குப் புத்தகமும் பரீட்சைத்தாளும் போதும். செலவு குறைவு, வரவு அதிகம். அந்த வரவை நம்பி ஆள் எடுப்பார்கள். அங்கே விற்பனையாவது என்ன? அம்பது வருஷம், நூறு வருஷம் வாத்தியார்கள் சேர்த்துவைத்த நல்ல பெயர். முதலில் இருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு, லாபம் என்று எழுதிக்கொள்வது. எந்தக் கம்பெனி இப்படிச் செய்தாலும் ஆடிட்டர் சிவப்பு மையில் எழுதுவார்.

அண்ணாமலைப் பல்கலையில் ஊழியர் எண்ணிக்கை 12,000-த்தைத் தாண்டி, சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்து, 2013-ல் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேறு மாவட்டங்களுக்கு, வேறு துறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பா அதற்கு முன்பே முழங்கால் வலியில் மெஸ்ஸை மூடிவிட்டார். போனில் சொல்வார், "அந்த வீடு காலி, இந்த வீடு காலி" என்று. அவருக்கு அது அரிசிக் கணக்கு. மைசூரில் 2015 ஜூன் மாதம் யு.ஜி.சி. அறிவிப்பு வந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கு 2012-13க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று. 2018-ல் குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு மட்டும் மறுபடி அங்கீகாரம் கிடைத்தது. நடுவில் சேர்ந்தவர்கள் கையில் காகிதத்தோடு அலைந்தார்கள். அதே போல 2022-ல், அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளில் சேரவேண்டாம் என்று யு.ஜி.சி. எச்சரித்தது. பேப்பரில் படித்தபோது எனக்கு யாரோ வீட்டுப் பெரியவரைத் தெருவில் வைத்துத் திட்டின மாதிரி இருந்தது.

*

மஞ்சுவுக்கு வருகிறேன்.

2014-ல் நான் வேலை பார்த்த கிளையில் அவர் தினக்கூலி மெசஞ்சர். வயசு இருபத்தாறு. பியூசியோடு படிப்பை நிறுத்தியவர். செக் கட்டு எடுத்துக்கொண்டு கிளியரிங்குக்குப் போவார், டீ வாங்கிவருவார், எனக்குக் கன்னட எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். நான்தான் ஒரு நாள் ஆரம்பித்தேன். "இப்படியே எத்தனை நாள்? ஒரு டிகிரி முடிச்சிட்டா கிளார்க் பரீட்சை எழுதலாம். உங்களுக்கு முப்பத்தொண்ணு வரைக்கும் வயசு இருக்கு. தபால்ல படிங்க."

அவர் தயங்கினார். எதில் சேருவது என்று கேட்டார். ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு மாடியில் ஸ்டடி சென்டர் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. மேலே சொன்ன இரண்டும் இல்லை. நான் போய் விசாரித்தேனா? இல்லை. யு.ஜி.சி. பட்டியல் பார்த்தேனா? இல்லை. கடன் கொடுக்கும்போது பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவன், ஒரு மனுஷன் மூன்று வருஷத்தைப் போடப்போகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "யூனிவர்சிட்டின்னா யூனிவர்சிட்டிதான் மஞ்சு. டிகிரின்னா டிகிரிதான்" என்றேன். முதல் தவணை நானே கட்டினேன். பெருமையாகத்தான் கட்டினேன். அப்பாவின் சிவப்பு நோட்டு மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாகப் படித்தார். பாஸும் செய்தார். அதற்குள் எனக்கு ட்ரான்ஸ்பர். போனில் சொன்னார், மார்க்‌ஷீட் வந்துவிட்டது என்று. அப்புறம் இன்னொரு நாள் சொன்னார், அந்த மையத்துக்கே அனுமதி கிடையாதாம், மையத்தைப் பூட்டிவிட்டார்களாம் என்று. "சரியாகிடும் மஞ்சு" என்றேன். வேறென்ன சொல்ல? விண்ணப்பித்தார், கடிதம் எழுதினார், நாலு பேரைப் பார்த்தார். முப்பத்தொன்று தாண்டியது. அதற்கப்புறம் காகிதம் சரியானால் என்ன, ஆகாவிட்டால் என்ன. கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் போனும் நின்றது. 2022-ல் நான் திரும்பி வந்தும், அவரைத் தேடிப் போகவில்லை. போக முகமில்லை என்பதுதான் உண்மை.

இப்போது ஒரு காலேஜுக்கு பஸ் ஓட்டுகிறாராம். "தினமும் காலேஜுக்குத்தான் போறேன் ஸார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

பிராஸ்பெக்டஸைக் கையில் எடுத்தேன். பி.எஸ்சி. என்று ஆரம்பித்து ஒரு வரி நீளத்துக்குப் படிப்பின் பெயர். ரிங் ரோடுக்கு வெளியே புதுசாக வந்த காலேஜ். ஏஜென்ட் ஒருவர் சீட் பிடித்துத் தருவதாகச் சொல்லி, அக்காவிடம் நகை அடகு வைக்கச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பொடி எழுத்தில் ஒரு வரி: இணைப்புக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கப்பட்டுள்ளது! கிடைத்திருக்கிறது என்று இல்லை.

அந்தப் பெண்ணை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன். பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலைத் திறந்தேன். "நீயே தேடும்மா" என்றேன். தேடினாள். இரண்டு தடவை தேடினாள். பெயர் இல்லை. எங்கே தேடவேண்டும், எந்த வருஷத்துப் பட்டியலைப் பார்க்கவேண்டும், 'அங்கீகாரம்' வேறு 'இணைப்பு' வேறு, கல்லூரிக்கு அனுமதி இருந்தாலும் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரமான நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. அதையும் சொன்னேன்.

"வேற எங்க சீட் கிடைச்சிருக்கு?" என்று கேட்டேன். அரசு மகாராணி அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றாள். ஏன்? "அங்க பில்டிங் இடிஞ்சு விழுந்துச்சு ஸார்."

அது நிஜம். 2022 அக்டோபரில் அந்தக் கல்லூரியின் பழைய ஆய்வகக் கட்டடம் இடிந்து விழுந்தது. நல்ல வேளையாக யார் உயிருக்கும் ஆபத்தில்லை. நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம், அனுமதி இல்லை. இன்னொரு பக்கம் அனுமதி, நூறு வருஷப் பெயர், கட்டடம் நிற்கவில்லை. நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்துக்கு மனை கிடைக்கிறது, ரோடு கிடைக்கிறது, தலைவர்கள் வந்து ரிப்பன் வெட்டுகிறார்கள். அந்தப் பழைய ஆய்வகத்துக்கு யார் ஓட்டுக் கேட்பார்கள்?

"கட்டடத்தை மறுபடி கட்டிடலாம்மா. அந்தக் காலேஜ் கொடுக்கிற பட்டம் எங்க போனாலும் செல்லும்" என்றேன். சொல்லும்போதே, பதினொரு வருஷம் முன்னால் இதே குரலில்தான் இன்னொன்று சொன்னோம் என்று நெஞ்சில் இடித்தது. அதனால், "நான் சொல்றேன்னு நம்பாதே. போய்ப் பார், பட்டியலைப் பார், படிச்சிட்டிருக்கிற பிள்ளைகளைக் கேளு" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் மகாராணியில் சேர்ந்துவிட்டாள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு லோனே தேவைப்படவில்லை. என் கல்விக்கடன் டார்கெட்டில் ஒன்று குறைந்தது. மேனேஜர் கேட்டார், "என்ன ஸார், வந்த பார்ட்டியைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?" என்று. ஆமாம் என்றேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது, அந்தப் பெண் முன்னால் போன பிறகு, மஞ்சு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். "அன்னிக்கு இந்த மாதிரி யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல ஸார்?" குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வந்திருந்தால் நல்லா இருந்திருக்கும் என்பது போலத்தான் சொன்னார்.

"நான்தான் பார்த்திருக்கணும் மஞ்சு. பார்க்கலை. என் தப்பு" என்றேன். பதினொரு வருஷம் கழித்தாவது வாயில் வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கட்டின ஃபீஸ் இன்னும் பாக்கி இருக்கு ஸார்" என்றார். அதை மறந்தே போயிருந்தேன். வேண்டாம் என்றேன். "இல்ல ஸார், கணக்குன்னா கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாசம் என் கணக்கில் ஆயிரம் ரூபாய் வந்து விழுந்தது. அதற்கடுத்த மாசம் இன்னொரு ஆயிரம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வாங்கிக்கடா. வேணாம்னு சொன்னா அவனுக்குத்தான் அவமானம்" என்றார். வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன், அந்தப் பெண் மூன்று வருஷம் முடித்து மேலே படிக்கும்போது உதவும் என்று. மஞ்சுவிடம் இன்னும் சொல்லவில்லை.

பி.கு.: உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாராவது பிள்ளை காலேஜில் சேரப்போகிறது என்றால், பிராஸ்பெக்டஸின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். பொடி எழுத்தாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.